சத்தம் வராத மேல் ஸி

பெட்டியைத் திறந்த நாள்

கான்வென்ட் பள்ளியில் பாட்டு டீச்சராகச் சேர்ந்த முதல் நாளே எனக்கும் அங்கிருந்த பியானோவுக்கும் ஒத்துப்போகவில்லை. பரமக்குடியில் ரயிலேறி, பாம்பன் பாலம் தாண்டி இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து போய்ச் சேர்ந்திருந்தேன். மூடியைத் திறந்து ஸ்கேல் வாசித்தேன். மிடில் ஸி-யில் தொடங்கி ஏழு கீயும் ஒழுங்காகப் பேசின. எட்டாவதான மேல் ஸி-யில் விரல் வைத்தால் ‘டொக்’ என்று கட்டைச் சத்தம் மட்டும் வந்தது. உப்புக் காற்றில் அந்தக் கம்பிகள் துருவேறி அறுந்து கிடந்தன.

ஹெட்மிஸ்ட்ரஸ் மதரிடம் சொன்னேன். “மதுரையிலேருந்து ட்யூனர் வரணும். வர்றப்ப வருவாரு. அதுவரைக்கும் இருக்கிறத வச்சு நடத்துங்க” என்றார்.

நடத்தினேன். அன்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

லூர்தக்கா

அந்த ஊர் மாதா கோவில் திருவிழாவில் ஒரு வழக்கம் உண்டு. சப்பரம் கடற்கரைக்கு வந்து நின்றதும் ஒரு பெண் தனியாக முதல் பாட்டை எடுக்க வேண்டும். அதன் பிறகுதான் ஊர் சேர்ந்து பாடும், பங்குச் சாமியார் மீன்பிடி வள்ளங்களை மந்திரித்து ஆசீர்வதிப்பார். அந்தப் பாட்டு உரிமை லூர்தம்மாள் வீட்டில் தாய் வழியாக வருவது. லூர்தம்மாள் மீன்காரி. கூடையைத் தலையில் வைத்துத் தெருத் தெருவாகக் கூவி விற்பவர். எனக்கு மூத்தவர் என்பதால் லூர்தக்கா என்பேன்.

நான் வருவதற்கு முந்தின திருவிழாவில் பாட்டின் உச்சியில் அவர் குரல் உடைந்து நின்றுவிட்டது. சாமியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். “டீச்சர், இந்தத் தடவையும் உடைஞ்சா உரிமைய தெக்குத் தெருவுக்குக் குடுக்கணும்னு ஊருல பேசுறாங்க. கொஞ்சம் பாருங்க.”

லூர்தக்கா வந்தார். குரல் சல்லடை மாதிரி ஓட்டையாக இருந்தது. “பாட்டு போச்சுன்னா எங்க ஆத்தா பேரும் போச்சு டீச்சர்” என்று மட்டும் சொன்னார். அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். அவர் அழுகிற ஆள் இல்லை.

பயிற்சி ஏதும் செய்கிறீர்களா என்று கேட்டேன். பெருமையாகச் சொன்னார்: “விடியக் கருக்கல்ல கடக்கரையில நின்னு காத்தப் பாத்துக் கத்துறேன். காத்துக்கு மேல கத்துனாத்தான குரலு தெறக்கும்? எங்க ஊருல பாடுற ஆளு எல்லாருமே அப்படித்தான்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஊர்க்காரர்களுக்குப் பாட்டென்றால் காற்றோடு மல்லுக்கட்டுவது. நாளெல்லாம் கூவிய தொண்டையைக் கச்சான் என்கிற பலத்த கடல் காற்றில் நிறுத்தி மேலும் கிழித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, வள்ளத்துல பாய் விரிச்சா காத்து எந்தப் பக்கம் இருந்தா நல்லது?”

“முதுகுப் பக்கம்.”

“அப்ப உங்க வாய்க்கு மட்டும் ஏன் எதிர்ல?”

முந்தானையை இழுத்துச் செருகினார். “சரி. என்ன செய்யணும், சொல்லுங்க.”

பயிற்சி

மறுநாளே கடற்கரைக் கத்தலை நிறுத்தினேன். மீன் விற்று முடித்து மதியம் வருவார். முதலில் வயிற்றில் கை வைத்து மூச்சு. பிறகு வாயை மூடி ஹம்மிங். அடுத்து உதட்டை ‘புர்ர்’ என்று அதிரவிடுவது. “இதென்ன டீச்சர், குதிரச் சேட்டை” என்று அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பே ஜன்னலுக்கு வந்துவிட்டது. அதன் பிறகு பியானோ. ஒவ்வொரு கீயாக வாசிப்பேன், அதே ஸ்வரத்தை ‘ஆ’ என்று பிடிப்பார்.

சில வாரங்களில் ஓட்டை அடைபட்டது. மேல் ஸி-க்கு முந்தின கீ வரை ஏறினார். அதற்கு மேல் ‘டொக்’. அவர் பாட்டு ஏறி நிற்க வேண்டிய இடமே அதுதான்.

“பொட்டியே ஏற மாட்டேங்குது, நான் எங்கன ஏற?” என்றார்.

கீழ் ஸி-யை வாசித்து, அதையே ஒரு ஆக்டேவ் மேலே தேடச் சொன்னேன். தேடினார், நழுவினார், மறுபடி தேடினார்.

இன்னொரு சிக்கல் கூவல். தொண்டைக்கு ஓய்வு கொடுங்கள் என்றால், “யாவாரத்த விட்டா உலைக்கு எங்க போக?” என்றார். நியாயம்தான். ஆகவே கூவலையே பாடமாக்கினேன். ‘மீனேய்’ என்று தொண்டையிலிருந்து கத்தாமல், ‘மீ’யை ஸ்கேலில் ஐந்தாவதான ஜி-யில் தொடங்கி, மூக்குத் தண்டில் அதிரவிட்டு, வயிற்று மூச்சில் நீட்ட வேண்டும். ஊரில் சிரித்தார்கள். “மீனு விக்கிறியா, பூசை வைக்கிறியா?” என்று கேட்டவர்களைத் தாண்டி நீட்டிக்கொண்டே போனார். கூடையும் சீக்கிரம் காலியானது.

சப்பரம்

திருவிழா மாலையில் கச்சான் கடலிலிருந்து முகத்தில் அறைந்தது. பாடுபவர் கடலைப் பார்த்து நிற்பது வழக்கம். லூர்தக்கா மணலில் நடந்து முன்னே போய், கடலுக்கு முதுகு காட்டிச் சப்பரத்தைப் பார்த்து நின்றார்.

“ஏ லூர்து, கடலப் பாத்துல்ல பாடணும்” என்றார் தெற்குத் தெருப் பெரியவர் ஒருவர்.

“மாதா இங்கனதான இருக்கு” என்றார் லூர்தக்கா. வயிற்றில் கை வைத்து மூச்சிழுத்தார். நான் சொல்லிக்கொடுத்த எதையும் அந்த நேரத்தில் என்னால் நினைவுபடுத்தக்கூட முடியவில்லை.

பாட்டு ஏறியது. உச்சி வந்தது. பெட்டியில் இல்லாத அந்தக் கீயில் குரல் போய் நின்றது, உடையாமல் நின்றது. காற்று அதைத் தூக்கிக்கொண்டு கோவில் வாசல் வரை போனதாம். ஊர் சேர்ந்து பாடத் தொடங்கியபோது நான் பாடவில்லை, அழுதுகொண்டிருந்தேன். உரிமை பற்றி அதன் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

இளைய டீச்சர்களுக்கு ஒன்று சொல்வேன். நல்ல வாத்தியம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பாட வருபவரிடம் பிழைப்பை விட்டுவிட்டு வா என்றும் சொல்லாதீர்கள். அந்தப் பிழைப்புக்குள்ளேயே பாடத்தை வையுங்கள்.

ட்யூனர் ஒருவழியாக வந்தது திருவிழா முடிந்த பிறகு. புதுக் கம்பி போட்டு முறுக்கி, மேல் ஸி-யைத் தட்டினார். அதற்குள் லூர்தக்கா தன் கூவலைத் தானாகவே ஜி-யிலிருந்து மேலே ஏற்றி வைத்திருந்தார். தெருவிலிருந்து ‘மீனேய்’ என்று நீண்டு வந்தது. ட்யூனர் கீயை மறுபடி தட்டினார், காது கொடுத்தார், இரண்டும் ஒன்றாக இருந்தன.

“யாரும்மா அது?” என்றார்.

“எங்க லூர்தக்கா. அவங்கள நான் முன்னாடியே ட்யூன் பண்ணிட்டேன்” என்றேன்.