நாலடி தூரத்தில் ஒரு முகம்

சனிக்கிழமை காலை 5.40. ஸ்ரீவில்லிபுத்தூர் நிலையத்தில் இறங்கினேன். என்னோடு இறங்கியவர்கள் பதினோரு பேர். பதினோரு பேரையும் அழைத்துப்போக ஆள் வந்திருந்தது. எனக்காக வந்தது ஒரு நாய். அதுவும் என் பையை மோந்து பார்த்துவிட்டு, ஆள் மாறிவிட்டது என்கிற மாதிரி திரும்பிப் போய்விட்டது.

வந்த காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாம்பரத்தில் எங்கள் புகைப்படக் குழுவில் பத்துப் பேர். ஞாயிறுதோறும் காலையில் கூடுவோம். வாரம் முழுக்க என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே இடம் அதுதான். அலுவலகத்தில் நான் வெறும் ‘டெஸ்பாட்ச் சார்’. குழு ஒரு கண்காட்சி வைக்கிறது. ஆளுக்கு ஒரு படம், தலைப்பு ‘முகம்’. அனுப்பக் கடைசி நேரம் அன்று இரவு பத்து மணி. என்னிடம் பதினாலாயிரம் படங்கள் இருந்தன. கதவு, கொக்கு, மின்கம்பி, மழைத்தண்ணீர், மனிதர்களின் முதுகு. முகம் ஒன்றுகூட இல்லை.

ஐம்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை, முன்பின் தெரியாதவரிடம் போய் “உங்களை ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்க நாக்கு எழாது. தூர லென்ஸை மாட்டிக்கொண்டு மரத்துக்குப் பின்னால் நின்றே இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். குழுவை நடத்தும் ஸ்டெல்லா மேடம், “இந்தத் தடவையும் படம் வரலேன்னா உங்க இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்” என்று சொல்லியிருந்தார். சுவரில் இருக்கிற இடமா, குழுவில் இருக்கிற இடமா என்று கேட்கவில்லை. பதில் தெரிந்துவிடுமோ என்று பயம்.

அதற்கு ஏன் இவ்வளவு தூரம்? அவமானப்பட்டால் பார்க்க இங்கே தெரிந்தவர்கள் யாரும் இல்லை. தூர லென்ஸை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு, பாரிமுனையில் 1,800 ரூபாய்க்கு வாங்கிய பழைய ஐம்பது எம்.எம். லென்ஸையும், அதைக் கேமராவோடு சேர்க்கும் 450 ரூபாய் வளையத்தையும் மட்டும் எடுத்து வந்தேன். அந்த லென்ஸ் தானாக எதையும் செய்யாது. ஃபோகஸை நாம்தான் கையால் திருப்ப வேண்டும். ஒரு முகம் படம் நிறைய வர வேண்டுமென்றால் நாலடி தூரத்தில் போய் நிற்க வேண்டும். நாலடி! என் பல் டாக்டரே என்னை அவ்வளவு நெருக்கத்தில் விரும்பிப் பார்த்ததில்லை.

6.20. தேரடி. டீக்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், நான் கேட்பதற்குள்ளாகவே, “எடுத்துக்கோங்க அண்ணாச்சி” என்று மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார். வானத்திலிருந்து விழுந்த வரம். அழுத்தினேன். சத்தமே இல்லை. மறுபடியும் அழுத்தினேன். கேமரா செத்துப் போயிருந்தது. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், துடைத்தேன், ஊதினேன், குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். அவர் மீசையைப் பிடித்தபடியே பொறுமையாக நின்றார். கடைசியில், “பரவால்ல, டீயாவது குடிங்க” என்றார். பன்னிரண்டு ரூபாய். கேமராவைக் காட்ட ராஜபாளையத்துக்குப் போகச் சொன்னார்.

9.00. பதினொரு கிலோமீட்டர் பஸ்ஸில் போய் ராஜபாளையம் வந்து சேர்ந்தேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்ன ஸ்டுடியோ. நடத்துகிறவர் ஜெயராணி, என் வயது இருக்கும். மேசையில் பைபிள், அதன்மேல் கத்தரிக்கோல். கேமராவை வாங்கி, லென்ஸைப் பார்த்து, மெனுவில் ஏதோ ஒன்றைத் தட்டினார். ‘டப்’ என்றது.

“செத்துப்போச்சுன்னு நெனச்சேன்” என்றேன்.

“சாவல. பழைய லென்ஸு, கரண்டு தொடுப்பு கெடையாது. லென்ஸ் மாட்டுனதே அதுக்குத் தெரியல. லென்ஸ் இல்லன்னாலும் படம் எடுன்னு மெனுவுல ஒண்ணு இருக்கு, அதைப் போட்டுட்டேன்.” கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தார். “இதுக்கா இப்பிடி வேத்திருக்கு? ஃபேனுக்கு அடியில இரிங்க.”

காசு வாங்கவில்லை. முகம் தேடி வந்த கதையைச் சொன்னேன். “முகமா? அதுக்கு மெட்ராஸ்ல இருந்தா வந்திய?” என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

பக்கத்து மருந்துக் கடையில் இருபது ரூபாய்க்கு ஒரு பேண்டேஜ் சுருள் வாங்கினேன். லென்ஸ் முன்னால் வலைத்துணி கட்டினால் படம் கனவு போல வரும் என்று எங்கோ பார்த்திருந்தேன். அதை லென்ஸில் கட்ட ரப்பர் பேண்ட் ஜெயராணி உபயம். அந்தத் துணி தயாராகும் சத்திரப்பட்டி எட்டு கிலோமீட்டர்தான் என்று வழியும் சொன்னார்.

11.15. சத்திரப்பட்டி. சாலையோரக் களத்தில் வெளுத்த பேண்டேஜ் துணி வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. வெயிலில் கண் கூசியது. துணிகளுக்கு நடுவே இரண்டு பெண்கள் மடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கட்டுப்போட்ட கேமராவோடு போய் நின்றேன்.

“ஏட்டி செல்வி, இங்க பாரு” என்றார் மூத்தவர். “கேமராவுக்கு மண்டையில அடி போல. கட்டுப் போட்டுக் கூட்டியாந்திருக்காரு.”

“எத்தன தையலு சார்?” என்றார் செல்வி.

“ஐசியூல இருந்து இப்பதான் வெளிய வந்துச்சு” என்றேன்.

“கஞ்சி எறங்குதா?”

மூத்தவர் பெயர் கனி. கட்டைத் தொட்டுப் பார்த்து, “நம்ம துணிதான்ட்டி” என்று பெருமையாகச் சொன்னார். படம் எடுக்கலாமா என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. கட்டுப்போட்ட கேமராவே எனக்காகக் கேட்டுவிட்டது. நாற்பத்தாறு படங்கள் எடுத்தேன். திரும்பும்போது பஸ்ஸில் பாட்டுக்கூட முணுமுணுத்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போனார்.

1.40. ஜெயராணியின் கணினித் திரையில் படங்கள். வெள்ளைப் புகைக்குள் வெளிச்சம் பூத்திருந்தது. நான் பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

“துணி அருமையா வந்திருக்கு அண்ணாச்சி. ஆளத்தான் காணோம்.”

“கனவு மாதிரி இருக்கு பாருங்க.”

“கனவுலயும் மூக்கு இருக்கும்லா?” ஒரு படத்தைப் பெரிதாக்கினார். கனியின் கண்கள் இருந்த இடத்தில் இரண்டு சாம்பல் கறைகள். “நான் தெனம் முப்பது மூஞ்சி எடுக்கேன். ஆதாரு, பரீட்சை, பாஸ்போர்ட்டு. என்னப் பாருங்கன்னு சொல்லிட்டு அவிய மூஞ்சியில துணியப் போட்டதில்ல.”

வேடிக்கையாக ஏதோ சொன்னேன். ஜெயராணி சிரிக்கவில்லை. வாசலில் யாரோ போட்டோவுக்கு வந்துவிட்டதால் எழுந்து போனார்.

ஓட்டலில் சாப்பாடு 110 ரூபாய். நாலு பேர் உட்காரும் மேசையில் நான் ஒருவன். ரசத்தைக் கிளறிக்கொண்டே என் ‘உத்திகளை’ எண்ணிப் பார்த்தேன். கண்ணாடியில் வாஸ்லைன் தடவி எடுத்தது, லென்ஸைக் கழற்றிக் கையில் பிடித்து எடுத்தது, ஈர ஜன்னல் வழியாக எடுத்தது. கலை என்று பெயர் வைத்திருந்தேன். எல்லாமே நான் பின்னால் ஒளிந்து நின்ற அந்த மரம்தான். அதை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்திருக்கிறேன். சர்வர் வந்து, “சார், மோர்?” என்றார். அன்றைக்கு என்னை யாராவது ஏதாவது கேட்டால் அழுதுவிடும் நிலையில் இருந்தேன்; மோருக்காக அழ வேண்டாமென்று எழுந்துவிட்டேன்.

3.50. மறுபடியும் அதே பஸ், அதே களம். துணியில் பாதியை எடுத்துவிட்டிருந்தார்கள். செல்வியைக் காணவில்லை. கனி மட்டும் மடித்துக்கொண்டிருந்தார். ரப்பர் பேண்டைக் கழற்றினேன்.

“கட்டப் பிரிச்சாச்சா? கொணமாயிருச்சா?”

“காலையில எடுத்தது சரியா வரலைங்க. இன்னும் ஒண்ணு. சென்னையில சுவத்துல மாட்டுவாங்க, பரவால்லையா?”

“மாட்டுங்க. செத்த நேரம்தான், லாரி வந்துரும்.”

நாலடி. அளந்து நின்றேன். லென்ஸைத் திருப்பினால் மூக்கு தெளிகிறது, கண் கலைகிறது. கண் தெளிந்தால் என் கை ஆடுகிறது. என் மூச்சுப் பட்டு, கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் மங்கியது. துடைத்தேன். மறுபடியும் மங்கியது.

“எதுக்கு சார் இம்புட்டு நடுக்கம்? படம் எடுக்கது நீங்க. எனக்குல்லா நடுங்கணும்.”

நாக்கு நுனியில் ஒரு ஜோக் தயாராக இருந்தது. அதற்குப் பதிலாக வேறு ஒன்று வந்துவிட்டது. “யாரையும் இவ்வளவு கிட்ட நின்னு பார்த்ததில்லைங்க.”

கனி சிரிப்பை நிறுத்தினார். மடித்த துணியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அப்படியே என்னைப் பார்த்தார். நான் அழுத்தினேன். ஒரே ஒரு தடவை. அதற்குள் லாரி வந்துவிட்டது.

“பிரிண்ட் போட்டு அனுப்பறேன்” என்றேன்.

“அனுப்பாதிய” என்றார், திரும்பாமலே. “அனுப்புதேன்னு போனவிய யாரும் அனுப்புனதில்ல. கொண்டாந்து குடுங்க.”

7.10. ஸ்ரீவில்லிபுத்தூர். பால்கோவாக் கடைக்காரர், “வீட்ல எத்தன பேரு சார்?” என்றார். “நாலஞ்சு பேர்” என்று சொல்லிவிட்டேன். அரைக் கிலோ கட்டிவிட்டார்.

நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து, படத்தை ஃபோனுக்கு மாற்றிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூக்கு லேசாகக் கலங்கியிருக்கிறது. புருவத்தில் ஒரு பஞ்சு நூல் ஒட்டியிருக்கிறது. இடது கண் மட்டும் துல்லியம். அந்தக் கண்ணில் கேலி இல்லை, போஸும் இல்லை. எதிரில் நடுங்கிக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு என்ன ஆயிற்றோ என்று பார்க்கும் பார்வை. அது யாரைப் பார்க்கிறது என்று எனக்குப் புரியச் சற்று நேரமானது. 7.40க்கு அனுப்பினேன். ரயில் வருவதற்குள் ஸ்டெல்லா மேடத்தின் பதில் வந்தது: “ராஜாமணி, கிடைத்தது. இவங்க யாரைப் பார்க்கறாங்க?”

பதில் எழுதி எழுதி அழித்தேன். ரயில் வந்துவிட்டது.

தாம்பரத்தில் என் அறையில் கட்டிலுக்கும் சவரக் கண்ணாடிக்கும் இடையே நாலடிதான். தினமும் காலையில் அந்தத் தூரத்தில் ஒரு முகத்தைப் பார்க்கிறேன். ஒரு நாளும் அது என்னை அப்படிப் பார்த்ததில்லை.