தட்டு முதலில், இலை அப்புறம்

கூடப் பிறந்த தங்கையின் புருஷனுக்குத் தபாலில் பத்திரிகை அனுப்பிய மனிதர் அந்தக் காலத்துத் திண்டுக்கல்லில் என் அப்பா ஒருவராகத்தான் இருப்பார். கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை. புதுவீட்டுக்குப் பால் காய்ச்ச நாலே நாள்தான் இருந்தது. கொத்தனார் ஒரு பக்கம், வெள்ளையடிப்பவர் ஒரு பக்கம் அவரைப் பிடுங்கி எடுத்தார்கள். வெங்காய மண்டியில் வேறு லாரி வந்து நின்றது. வேடசந்தூர் வரை போய்வரப் பொழுதில்லை. பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, உறையில் போட்டு, ஸ்டாம்பு ஒட்டி, தன் கையாலேயே பெட்டியில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

வேடசந்தூரில் மாமா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். “எனக்கு மச்சான் யாரு, போஸ்ட்மேனா?” என்று கேட்டாராம். அதோடு சரி. நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காத வீட்டுக்கு அவர் வரவில்லை, அத்தையையும் அனுப்பவில்லை. அவசரத்தில் அனுப்பிவிட்டேன் என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். ரோஷம் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தாராளமாக அளந்து கொடுக்கப்பட்ட சரக்கு. அப்பா சொல்லவில்லை. நாலு வருஷம் ஓடிவிட்டது. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊரில் இருந்துகொண்டு அத்தை தன் அண்ணன் கட்டிய வீட்டை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அம்மா பிடித்துக்கொண்டாள். எங்கள் வழக்கத்தில் பெண்ணைக் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வருவது அத்தைதான். “ஒங்களுக்கு இருக்கிறது ஒரே ஒரு தங்கச்சி. அவ கையப் புடிக்காம எம்மக மணவறை ஏற மாட்டா” என்று சொல்லிவிட்டாள். அப்பா இரண்டு நாள் யோசித்துவிட்டு, நேரில் போய் அழைப்பது என்று முடிவு செய்தார்.

போவது முடிவானதும் எதில் போவது என்று ஒரு யோசனை. பஸ்ஸில் போய் இறங்கினால் மாமா என்ன நினைப்பார்? அதனால் வாடகைக் கார். கார் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பக்கக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. ஆனாலும் அது கார். எட்டு வயதில் நான் அதுவரை காரில் ஏறியதில்லை. என்னை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று தெரிந்ததும் தெருவே கூடும்படி அழுது, பாவாடை மாற்றிக்கொண்டு அம்மாவுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கார் ஊரைத் தாண்டியதும் அப்பா முன் சீட்டிலிருந்து திரும்பிச் சட்டம் போட்டார். “அவரு நம்ம வெத்தல பாக்குத் தட்டை வாங்குற வரைக்கும் அந்த வீட்டுல பச்சத் தண்ணி பல்லுல படக்கூடாது. பாப்பா, ஒனக்கும்தான்.” பேச்சு முறிந்த வீட்டில், வந்த காரியம் முடியாமல் கை நனைக்கக்கூடாது. நனைத்துவிட்டால் மனத்தாங்கல் எல்லாம் தீர்ந்தது என்று அர்த்தமாம். நான் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினேன். அப்போது எனக்குத் தாகம் இல்லை, தலையாட்டுவது சுலபமாக இருந்தது.

தாடிக்கொம்பு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் காரின் மூக்கிலிருந்து புகை வந்தது. டிரைவர் இறங்கி மூடியைத் திறந்தார். உள்ளே தண்ணீர் புஸ் என்று கொதித்தது. சுற்றுமுற்றும் அறுத்த சோளக்கட்டையைத் தவிர ஒன்றும் இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம்வரை கிணறு ஏதும் தெரியவில்லை. வைகாசி வெயில். எங்கள் கையில் இருந்தது ஒரு கூஜாத் தண்ணீர். “செத்த நேரம் ஆறட்டும்ணே, அப்புறம் அந்தத் தண்ணியக் குடுங்க” என்றார் டிரைவர். புளியமரத்தடியில் அரை மணி நேரம் நின்றோம். பிறகு எங்கள் கூஜாவைக் கார் கடைசிச் சொட்டுவரை குடித்தது. எனக்கு அப்போதுதான் தாகம் எடுக்க ஆரம்பித்தது.

வேடசந்தூருக்குள் வந்து, மாமா வீட்டுத் தெருமுனையில் திரும்பியதும் கார் ஒரு தடவை குலுங்கி நின்றுவிட்டது. இரண்டு முறை முக்கியது, அவ்வளவுதான். அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு இறங்கி, அந்தக் காருக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவர் போல முன்னால் நடந்தார். தாம்பாளத்தோடு அம்மா பின்னால் போனாள். நான் மட்டும் காருக்குள் ராணி மாதிரி உட்கார்ந்திருக்க, டிரைவரும் தெருப்பிள்ளைகள் நாலு பேரும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மாமாவின் மீசை லேசாக அசைந்தது.

வீடு தேடி வந்தவர்களை வா என்று சொல்லாமல் இருக்க முடியாது. அதனால் மாமா சுவரைப் பார்த்து “வாங்க” என்றார். அத்தை நிலைப்படிக்குப் பின்னால் நின்று “வாங்கண்ணே, வாங்க மதினி” என்றாள். சொன்ன கையோடு உள்ளே போய்விட்டாள். கூடத்தில் பாய் விரித்திருந்தது. ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். செம்பின் வெளிப்பக்கம் வேர்த்திருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா தட்டை எடுத்தாள். மாமா கையை நீட்டவில்லை.

“எலை போட்டாச்சு. மொதல்ல சாப்புடுங்க.”

“மொதல்ல தட்டை வாங்கிக்கங்க மாப்ளே. சாப்பாடு அப்புறம்.”

“வீட்டுக்கு வந்தவுக கை நனைக்காம நான் தட்டைத் தொடுறதில்ல மச்சான்.”

“தட்டை வாங்காத வீட்டுல நாங்க கை நனைக்கிறதில்ல மாப்ளே.”

இரண்டு பேரும் மிகவும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் விஷயம் அங்கேயே நின்றுவிட்டது, எங்கள் காரைப் போல. நடுவில் மழையைப் பற்றிப் பேசினார்கள். குடகனாற்றில் தண்ணீர் வந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று பேசினார்கள். பேசி முடித்ததும் மாமா மறுபடி இலை என்றார், அப்பா மறுபடி தட்டு என்றார். அம்மா தட்டை மடியில் வைப்பதும் தூக்குவதுமாக இருந்தாள். தட்டில் இருந்த மல்லிகைப்பூ வாட ஆரம்பித்தது. அப்பா ஒருமுறை துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். கிளம்பப்போகிறார் என்று அதற்கு அர்த்தம். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அத்தை கல்யாணத்துக்கு வரப்போவதில்லை என்று எனக்கே புரிந்தது.

நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டதால் நான் மெதுவாக நழுவிப் பின்கட்டுக்குப் போனேன். அடுக்களையில் அத்தை சுவரோடு ஒட்டி நின்று கூடத்துப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கீழே உட்கார்ந்து, இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாலு வயதுவரை, அவள் வந்துவிட்டால் நான் அவள் இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். எனக்கு அந்த முகம் பாதிதான் ஞாபகம் இருந்தது, அந்த மஞ்சள் வாசனை முழுக்க ஞாபகம் இருந்தது.

“தண்ணி வேணுமா ஆத்தா?”

வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டே பானையைப் பார்த்தேன். “அப்பா அடிப்பாக” என்றேன்.

“நீ குடி. யார்ட்டயும் சொல்ல மாட்டேன். ஒந்தலை மேல சத்தியம்.”

சத்தியம் செய்த பிறகு என்ன யோசனை? இரண்டு டம்ளர் குடித்தேன். குடித்ததும் பசித்தது. தட்டைப்பயறு போட்ட கத்தரிக்காய்க் குழம்பின் வாசம் வேறு. அத்தை கும்பாவில் சோற்றைப் போட்டுப் பிசைந்தாள். ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு கேள்வி கேட்டாள். புதுவீட்டில் அடுப்பு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது? கிணறு வீட்டுக்குள்ளேயா வெளியிலேயா? “எங்கம்மாவோட ஆட்டுரலக் கொண்டாந்துட்டாகளா, பழைய வீட்டுலயே கெடக்கா?”

“கொல்லையில கெடக்கு. அதுலதான் கோழி தண்ணி குடிக்கும்.”

அத்தை சிரித்தாள். பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குழம்பில் காரம் என்று நான் நினைத்தேன். முருங்கைக்கீரையை எடுத்து வைத்து, “இந்த வெஞ்சனம் ஒங்கப்பாவுக்கு ரொம்பப் புடிக்கும், இப்பவும் சாப்புடுறாகளா?” என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “அண்ணனுக்கு அந்த இருமல் நின்னுருச்சா? ரொம்ப மெலிஞ்சுட்டாகளே. வேளைக்குச் சாப்புடுறாகளா, மண்டியே கதின்னு கெடக்காகளா?” என்று அடுக்கிக்கொண்டே போனாள். எனக்கு அப்பளத்தில்தான் கவனம். இருமல் இருக்கிறது என்றேன். அத்தையின் கை கும்பாவிலேயே கொஞ்ச நேரம் நின்றது. எனக்குப் போதும் போதும் என்று ஆன பிறகும் அவள் ஊட்டுவதை நிறுத்தவில்லை.

கூடத்தில் அப்பா எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. அத்தை சட்டென்று கும்பாவைக் கீழே வைத்தாள். என் வாயைத் துடைத்துவிடவில்லை. என் கையைப் பிடித்து விறுவிறு என்று கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். நிலைப்படியில் நின்று, யார் முகத்தையும் பார்க்காமல், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“பாப்பா சாப்ட்டாச்சு. ரெண்டு தடவ சோறு வாங்கிச் சாப்ட்டுருச்சு.”

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. என் தலை மேல் சத்தியம் செய்தவள்! “இல்லப்பா, நான் சாப்பிடல” என்று கத்தினேன். அப்படிச் சொல்லும்போது மோவாயில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கை என் பாவாடை மேல் விழுந்தது.

முதலில் சிரித்தது மாமாதான். நாலு வருஷமாக அடக்கிவைத்திருந்த சிரிப்பு போல, அதுபாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. “மச்சான், ஒங்க வீட்டாளு கை நனைச்சாச்சு. இனி என்ன? கொண்டா தங்கச்சி தட்டை.”

“அது சின்னப்புள்ள மாப்ளே…” என்றார் அப்பா, நின்றபடியே.

“சின்னப்புள்ளையின்னா? அவதானய்யா கார்ல வந்து எறங்குனா, நீங்கள்லாம் நடந்துல்ல வந்தீக!”

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மாமா எழுந்து கையைக் கழுவி, மேல்துண்டை இடுப்பில் கட்டி, தட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வாங்கியவர் சும்மா இருந்திருக்கலாம். “இதுவும் தபால்ல வரும்னுல்ல நெனச்சேன்” என்றார். அப்பா துண்டை இறக்கி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “இன்னைக்கித் தபாலாபீசு லீவு மாப்ளே” என்றார். அவ்வளவுதான், அப்பா கேட்ட மன்னிப்பு. மாமாவுக்கு அது போதுமாக இருந்தது.

எல்லோரும் சாப்பிட்டார்கள். நான் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். அப்பா அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை, ஆனாலும் என் ஆத்திரம் அடங்கவில்லை. அத்தை பரிமாறினாள். கீரையை அப்பா இலையில் மூன்று முறை வைத்தாள். அப்பா “போதும்மா” என்றார். அவள் “இன்னுங் கொஞ்சம்ணே” என்றாள். மாமாவும் டிரைவரும் உட்கார்ந்திருக்கும் பந்தியில் அண்ணனும் தங்கையும் அதற்கு மேல் என்ன பேசிக்கொள்ள முடியும்? அன்று முழுக்க அவர்கள் பேசியது அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். அக்கா கல்யாணத்துக்கு அத்தை மூன்று நாள் முன்னாலேயே வந்து இறங்கினாள், அவள்தான் அக்காவின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வந்தாள். அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று கிளம்பும்போது அவள் குனிந்து என்னை முத்தமிட வந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு காரில் ஏறிவிட்டேன்.

வயிறு நிறையத் தண்ணீர் குடித்த கார் இந்த முறை ஒழுங்காக ஓடியது. வெயில் தணிந்துவிட்டது. அம்மா பாதிக் கண்ணை மூடிக்கொண்டு கல்யாணச் சாமான்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் அப்பா திரும்பினார்.

“அடுக்களையில அத்தை ஒன்ட்ட என்ன பேசுனா பாப்பா?”

“ஒன்னும் பேசல.”

“வீட்டப் பத்தி எதும் கேட்டாளா?”

“கேக்கல.”

அப்பா முன்னால் திரும்பிக்கொண்டார். ஒரு மைல் போயிருக்கும். ரோட்டைப் பார்த்தபடியே, டிரைவருக்குக் கேட்காத குரலில், “என்னையப் பத்தி?” என்றார்.

சத்தியத்தை மீறி என்னைக் காட்டிக்கொடுத்தவளுக்காக நான் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்? “ஒங்களப் பத்தி ஒன்னுமே கேக்கலப்பா” என்றேன்.

“சரி” என்றார். சொல்லிவிட்டு இருமினார்.

இருமலைக் கேட்டாள், கீரையைக் கேட்டாள், ஏன் மெலிந்துவிட்டார் என்று கேட்டாள் என்று பிற்பாடு எத்தனையோ நாள் நான் அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். அவர் என்னிடம் ஏன் அப்படிக் கேட்டார் என்று எனக்குப் புரிந்தபோது, நான் சொல்வதைக் கேட்க அவர் இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. அத்தையைச் சரியாகப் பழி வாங்கிவிட்டேன் என்ற நிம்மதியில், தாடிக்கொம்பு வருவதற்குள் அம்மா மடியில் நன்றாகத் தூங்கிவிட்டேன்.