மேஸ்திரி வாங்கிய சத்தம்

நரசிம்மன் மேஸ்திரியைப் பற்றி நல்லதாகச் சொல்லக் கொஞ்சம் இருக்கிறது. கெட்டதாகச் சொல்ல நிறைய இருக்கிறது. கெட்டதையே சொல்கிறேன், அதுதான் கேட்க நன்றாக இருக்கும்.

அந்த ஆள் தூங்குகிறவனைப் பிடிப்பதற்கென்றே பிறந்தவர். தொண்ணூற்றொன்றில் பிள்ளைப்பாக்கத்துப் பக்கம் ஒரு கம்பெனிக்காரன் வாங்கிப்போட்ட நிலத்துக்கு நாங்கள் காம்பவுண்டுச் சுவர் கட்டிக்கொண்டிருந்தோம். இன்ன கம்பெனி என்று எங்களுக்கும் தெரியாது, நிலத்தை விற்றவனுக்கும் தெரியாது. ஒரகடம் ரோட்டில் அதேபோல இன்னும் இரண்டு சைட்டில் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. மூன்றுக்கும் அவர்தான் மேஸ்திரி. சைக்கிளில் சுற்றிக்கொண்டே இருப்பார்.

எங்கள் சைட்டில் நானும் இன்னும் சில கொத்தனார்களும், கலவை சுமக்கிற சித்தாள்களும். சித்தாள்களுக்கெல்லாம் வாய் கங்கம்மாள். தலையில் பாண்டு நிறைய கலவை இருந்தாலும் பேச்சை நிறுத்தமாட்டாள். ஒரு சொட்டு சிந்தவும் மாட்டாள்.

மத்தியானம் சோறு தின்றதும், நாங்கள் கட்டின சுவரின் நிழலிலேயே துண்டை விரித்துப் படுப்போம். வெயிலில் காலையெல்லாம் செங்கல் அடுக்கினவனுக்கு அந்தத் தூக்கம் கூலியைவிடப் பெரிசு. அது மேஸ்திரிக்கு ஆகாது. சைக்கிளில் மணி கிடையாது, கழற்றிவிட்டார். செயினுக்குத் தினம் எண்ணெய் போடுவார். பூனை மாதிரி வந்து, படுத்திருக்கிறவனை எழுப்பாமல், அவன் செருப்பில் ஒன்றை மட்டும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். சாயங்காலம் ஒற்றைச் செருப்போடு கூலி வாங்க நிற்பவனுக்கு அரை நாள் கூலி வெட்டு. கங்கம்மாள் செருப்பைக் காலோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு தூங்கிப் பார்த்தாள். மனுஷன் அவள் சும்மாட்டுத் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்படி இருக்கையில் அவருக்குச் சீட்டு விழுந்தது. மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறேன் என்றார். என் மச்சான் மெக்கானிக் ஷெட் வைத்திருந்ததால் எனக்கும் வண்டி தெரியும் என்று அவராகவே நினைத்துக்கொண்டு, "டேய் பரசு, கூட வாடா" என்று காஞ்சிபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

கடையில் இரண்டு வண்டி நின்றது. ஒன்று போன வருஷத்து மாடல். இனி அது வராதாம், இருப்பதைத் தள்ளிவிடப் பெரிய தள்ளுபடி கொடுத்தார்கள். கடைக்காரப் பையன் கிக்கரை ஒரு உதை உதைத்ததும் டமடமவென்று கண்ணாடி அலமாரியெல்லாம் ஆடியது. நீலப் புகை மேஸ்திரி முகத்தில் அடித்தது. எனக்கு என்னவோ அந்தச் சத்தம் காதுக்கு இதமாகவே இருந்தது.

பக்கத்தில் புது மாடல். அதையும் உதைத்தான். மேஸ்திரி காத்திருந்தார்.

"இன்னாப்பா, ஸ்டார்ட்டே ஆவல? இன்னொரு உதை உடு."

"ஓடிக்கினுதான் கீது சார். கைய வெச்சுப் பாருங்க."

மேஸ்திரி டாங்கின் மேல் உள்ளங்கையை வைத்தார். குழந்தைக்கு ஜுரம் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் வைத்தபடியே நின்றார். அப்புறம் என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே எங்கள் தூக்கம் போயிற்று என்று தெரிந்துகொண்டேன்.

ஆனால் தள்ளுபடி அவரைச் சும்மா விடவில்லை. வேண்டியது புதுசு, இழுப்பது பழசு. பஸ் முழுக்க இரண்டையும் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டே வந்தார். "மைலேஜ் புதுசுல ஜாஸ்தி பரசு" என்பார். ஸ்ரீபெரும்புதூரில் இறங்கும்போது, "பழசுக்கு இன்னா கொறச்சல்?" என்பார்.

சைட்டுக்கு வந்து சொன்னேன். கங்கம்மாள் பாண்டை இறக்கிவைத்துவிட்டாள்.

"சத்தமே வராதா?"

"கைய வெச்சாத்தான் தெரியுது."

"அண்ணா, சைக்கிள்ல வந்தே என் சும்மாட்ட தூக்கினு போன ஆளு. இதுல வந்தார்னா என்னையே தூக்கினு பூடுவாரு."

"உன்னத் தூக்கற அளவுக்கு எந்த வண்டியும் இன்னும் வரல."

"நக்கல் அப்புறம் பண்ணு. முதல்ல அந்தாள பழச வாங்க வை."

அன்றிலிருந்து ஆரம்பித்தோம். புது வண்டி ஏரிக்கரை மேடு ஏறாதாம் என்றேன். சத்தம் இல்லாத வண்டியில் போனால் மேஸ்திரி போகிறார் என்று எவனுக்குத் தெரியும் என்று கங்கம்மாள் அவர் காதுபடக் கேட்டாள். மனுஷன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தாடையைச் சொறிந்தார். கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார்:

"எதுக்கு வாய்ப் பேச்சு? வெள்ளிக்கிழம அம்மன்கிட்ட பூக்கட்டிப் பாத்துடறேன்."

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். செவ்வரளி ஒரு பொட்டலம், வெள்ளை அரளி ஒரு பொட்டலம், இரண்டும் வெளியே ஒரே மாதிரி. அம்மன் முன்னால் வைத்துக் கும்பிட்டு ஒன்றை எடுப்பது. எது வந்ததோ அதுதான் உத்தரவு. சிவப்பு வந்தால் புதுசு, வெள்ளை வந்தால் பழசு என்று மேஸ்திரி வேண்டிக்கொண்டார்.

வியாழக்கிழமையே நானும் கங்கம்மாளும் பூசாரி நடேசனைப் பார்த்தோம். விஷயத்தைச் சொன்னதும் காதைப் பொத்திக்கொண்டார்.

"அம்மா கண்ணக் குத்திடுவாடா!"

"குத்த மாட்டா. உழைக்கிறவன் தூங்கறத எந்த அம்மா வேணாம்பா?" என்றாள் கங்கம்மாள்.

பூசாரி கோயில் முன்மேடையை, அது பிளந்து கிடந்ததை, ரொம்ப நேரம் பார்த்தார். எனக்குப் புரிந்தது. "ஞாயித்துக்கிழம வந்து பூசிக் குடுத்துடறோம் பூசாரி" என்றேன். காதிலிருந்து கையை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை மேஸ்திரி குளித்து, பட்டையாக விபூதி இட்டுக்கொண்டு வந்தார். நாங்கள் பக்தியாக ஓரத்தில் நின்றோம். கற்பூரம் காட்டி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரித்தார். வெள்ளை.

கங்கம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் மூச்சு விட்டேன். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சுவருக்கு ஒரு பக்கம் தூக்குக்குண்டு விட்டால் மறுபக்கமும் விட்டுப் பார்க்கிற ஆள் அவர். பூசாரி கை நீட்டுவதற்குள் இரண்டாவது பொட்டலத்தையும் எடுத்துப் பிரித்துவிட்டார்.

அதுவும் வெள்ளை.

பூசாரி மணியை எடுத்து எதற்கென்றே தெரியாமல் அடித்தார். மேஸ்திரி இரண்டு உள்ளங்கையிலும் வெள்ளை அரளியை வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

கங்கம்மாள்தான் முன்னால் வந்தாள். "பாத்தீங்களா மேஸ்திரி! ஒருவாட்டி சொன்னா கேக்கமாட்டீங்கன்னு அம்மா ரெண்டுவாட்டி சொல்லிட்டா!"

அவர் பூவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டையும் காதுக்கு ஒன்றாகச் செருகிக்கொண்டு போய்விட்டார். திங்கட்கிழமை பழைய மாடல் வந்தது.

ஐயோ, அந்தச் சத்தம்! ஏரிக்கரைத் திருப்பத்தில் வரும்போதே எங்கள் சுவருக்குக் கேட்டுவிடும். துண்டை உதறி, கொத்துக்கரண்டியை எடுத்து, கலவையைக் கிளறி, நெற்றி வியர்வையைக்கூடத் துடைத்துக்கொண்டு தயாராகிவிடலாம். ஒற்றைச் செருப்பு ஆசாமி என்று ஒருவரும் இல்லை. "அம்மா புண்ணியம்" என்பாள் கங்கம்மாள், கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தபடியே.

போகப்போக ஒன்று நடந்தது. நாங்கள் கண்ணை மூடின கொஞ்ச நேரத்தில் திருப்பத்தில் டமடமவென்று கேட்கும். அடித்துப் பிடித்து எழுந்து வேலையைத் தொடங்குவோம். சத்தம் நின்றுவிடும். மேஸ்திரி வரமாட்டார். வேறே சைட்டுக்குப் போயிருப்பார், எந்த நேரமும் வருவார் என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வோம். படுத்த இடத்தில் திரும்பப் படுக்க எவனுக்கும் தைரியம் வராது. சாயங்காலம்தான் மறுபடி சத்தம் கேட்கும், சிரித்த முகமாக வந்து இறங்குவார். சுவர் முன்னைவிட வேகமாக ஏறியது. எங்கள் கண்தான் உள்ளே போயிற்று.

ஒருநாள் சித்தாள் ஒருத்திக்கு வெயிலில் தலை சுற்றியது. டீ வாங்கிவரக் கங்கம்மாள் தூக்கு எடுத்துக்கொண்டு திருப்பத்து டீக்கடைக்குப் போனாள். டீயில்லாமல் திரும்பி வந்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

"இன்னாமே, அழுவறியா சிரிக்கிறியா?"

"டீக்கடைக்குப் பின்னால புங்கமரம் கீதுல்ல அண்ணா? அதுக்குக் கீழ பெஞ்சு. பெஞ்சு மேல மேஸ்திரி. பக்கத்துல வண்டி. ரெண்டுல வண்டிதான் இப்ப சத்தம் போடல."

"தூங்கறாரா?"

"தெனமும் இதே வேலையாம். கடைக்காரன் சொல்றான். வருவாராம், நின்ன எடத்துலயே ஆக்சிலேட்டர முறுக்குவாராம், நிறுத்திட்டுப் படுத்துக்குவாராம். 'பசங்கள எழுப்பி உட்டாச்சு'ன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுவாராம்!"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எங்கள் தூக்கத்தைக் காப்பாற்ற நாங்கள் கோயில் மேடை பூசினோம். அந்தத் தூக்கத்தை அவர் பெஞ்சு போட்டுத் தூங்குகிறார்.

"இரு, போய் செருப்புல ஒண்ண எடுத்துனு வரேன்" என்று கிளம்பினேன். கங்கம்மாள் என் தோள் துண்டைப் பிடித்து இழுத்தாள்.

"உனுக்கு மூளை கீதா? எழுந்தார்னா எங்க வருவாரு? இங்கதான வருவாரு. தூங்கட்டும் உடு. பாவம், மனுசன் நல்லாத் தூங்கட்டும்."

அவள் திரும்பப் போய், டீக் காசைக் கடைக்காரனிடம் கொடுத்து ஒரு சேதியும் சொல்லிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து மத்தியானச் சத்தத்துக்கு எவனும் எழுந்திருக்கவில்லை. மேஸ்திரி பெஞ்சில் எழுந்து உட்கார்ந்த உடனே, கேட்காமலேயே அவர் கையில் ஒரு டீ வரும். கொதிக்கக் கொதிக்க வரும். அதை அவர் ஊதி ஊதிக் குடித்து முடித்து, எழுந்து கிக்கரை உதைத்தால்தான் எங்களுக்கு வேலை நேரம்.