ராணி அழாத ஜன்னல்

முதுகைக் காட்டாமல், பின்பக்கமாகவே படியேறுகிறார். பழைய அரண்மனையின் நாற்பத்தோரு படிகளும் அவருடைய குதிகாலுக்கு மனப்பாடம். கையில் உயர்த்திய மஞ்சள் குடை, முகம் எங்கள் பக்கம், பேச்சு மன்னரின் படையெடுப்பில். இருபத்திரண்டு வருடமாக இங்கே வழிகாட்டி. வாசலில் நிற்கும் சுற்றுலாப் பேருந்து ஓட்டுநர்கள் வைத்த பெயர் ‘ரிவர்ஸ் அக்கா’.

“வீட்லயும் இதே நடைதான். பின்னாடியே வந்து வீட்டுக்காரர் மேல டீயக் கொட்டியிருக்கேன்” என்கிறார்.

நான் இந்தத் தலைநகரில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன். தினமும் அலுவலகம் போவது இந்த அரண்மனை மதிலை ஒட்டித்தான்; உள்ளே கால் வைத்ததில்லை. ஊரிலிருந்து வந்த மனைவியின் தம்பி, “நீங்க பாத்ததுதானே அத்தான், சும்மா துணைக்கு வாங்க” என்றார். பார்த்ததே இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. காரணம், இதைப் பற்றி, நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இதே பத்திரிகையில் நான் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். மைத்துனர் அதை வெட்டியெடுத்துப் பத்திரப்படுத்தி வேறு வைத்திருக்கிறார்.

மேல்மாடத்தில் மேற்கு பார்த்த ஜன்னல். போருக்குப் போன மன்னரை நினைத்து ராணி நின்று அழுத இடம் என்று ஊரே சொல்லும். அங்கே வந்ததும் அக்கா குடையைத் தாழ்த்தினார்.

“இங்க ராணி அழவே இல்லைங்க. அவங்க செத்து எண்பது வருஷம் கழிச்சுத்தான் இந்த ஜன்னலையே வெச்சாங்க. யாரோ கேட்டாங்கன்னு வாய்க்கு வந்ததச் சொன்னேன். ஜனங்க கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க, எனக்கும் ருசி கண்டுபோச்சு. பதினோரு வருஷம் அழ வெச்சுட்டேன். உங்க வீட்ல யாராவது முன்னாடி வந்து கேட்டிருந்தா, திருத்திச் சொல்லிடுங்க.”

மாட்டிக்கொண்ட கதையையும் அவரே சொன்னார். வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் புகார் எழுத, விசாரணை வந்தது. அக்கா சாட்சிக்குக் கொண்டுபோனது ஒரு பத்திரிகைக் கட்டுரையை. அதில் ராணியின் கன்னத்தில் வழிந்த நீர்கூட இருந்ததாம். தான் கட்டிய கதையை அச்சில் பார்த்ததும், நிஜமாகவே நடந்திருக்குமோ என்று தோன்றிவிட்டதாம். அதிகாரி அதை மேலும் கீழும் படித்துவிட்டு, இதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டிருக்கிறார். எட்டு மாதம் அக்காவின் வழிகாட்டி அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்த எட்டு மாதமும் ஒரு ஜவுளிக்கடையில் துணி மடித்தார். பிறகு மகள் வயதுப் பெண்களோடு உட்கார்ந்து தேர்வெழுதி, அட்டையை மீட்டார்.

மைத்துனர் என்னைப் பார்த்தார். நான் விதானத்து ஓவியத்தை வெகு கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தேன். அந்தக் கதையை நான் ஒரு நண்பரிடம் கேட்டு எழுதினேன். நண்பர் கேட்டது இவரிடம். கன்னத்து நீர் மட்டும் என் சொந்தச் சரக்கு.

கூட்டம் நகர்ந்ததும் அருகில் போய், அந்தக் கட்டுரையை எழுதியது நான்தான் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“இந்த ஜன்னல எப்ப சார் வந்து பாத்தீங்க?”

“இப்பத்தான்.”

இறங்கத் தொடங்கியிருந்தவர்களைக் அக்கா கைதட்டி நிறுத்தினார். கழுத்தில் மாட்டியிருந்த சின்ன மைக்கைக் கழற்றி, ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, என் வாயருகே நீட்டினார்.