ஓமனா எழும்பின படம்

ஜஸ்டஸுக்கு முகத்தைப் பார்க்காமல் வரைய வராது. அவன் செய்த தப்பு அது ஒன்றுதான், தப்பு என்று சொல்லியே ஆகவேண்டுமானால்.

தக்கலைக்குப் பக்கத்தில், மிஷன் கோயிலை ஒட்டிய தெருவில் குடியிருந்த படக்காரன் அவன். இருபத்தாறு வயசு. காடாத்துணியில் பசை தடவி, அதன்மேல் கதையைப் படம் படமாக எழுதி, மூங்கில் கழியில் சுருட்டிக் கொடுப்பான். கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றாறில் வாந்திபேதி வரும்போல இருந்ததால் ஆஸ்பத்திரியில் ஒரு சுருள் கேட்டார்கள். குளத்து வெள்ளத்தைக் கொதிக்க வைக்காமல் குடித்த பிள்ளை பேதி கண்டு சாகிற கதை. ஊர் ஊராகத் தொங்கவிட்டு, கம்பால் தொட்டுத் தொட்டுச் சொல்வதற்கு.

கடைசிப் படத்துக்குச் செத்த பிள்ளை வேண்டும். ஜஸ்டஸ் தன் மகளைப் பாயில் படுக்க வைத்தான். ஞானஸ்நானத்தில் ராகேல், வீட்டில் ஓமனா, ஆறு வயசு. அசையாமல் கிடந்தால் முந்திரிக்கொத்து தருவதாகப் பேச்சு. அவளா அசையாமல் கிடப்பாள்? இமை துடித்தது. உதடு சிரிப்பை அடக்கிக் கோணியது. "அப்பா, செத்தது போதுமா? எழும்பட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"கொஞ்சம் பொறு மக்கா" என்று அவனும் சிரித்துக்கொண்டே வரைந்தான். அவன் வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

அடுத்த மாசம் கோயிலில் அசனம். சபை முழுவதும் ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. பந்தல் காலில் ஜஸ்டஸின் சுருளைத்தான் தொங்கவிட்டிருந்தார்கள். கூட்டம் அதிகமாகி, கொதிக்க வைத்த வெள்ளம் தீர்ந்துபோயிற்று. பந்தி காத்திருக்கிறதே என்று யாரோ ஒரு புண்ணியவான் குளத்திலிருந்து குடம் குடமாக மொண்டுவந்து அண்டாவில் ஊற்றிவிட்டான். படத்துக்கு நேர் கீழேதான் அண்டா இருந்தது. ஓமனா அதில் குடித்தாள். மறுநாள் பேதி கண்டது. அதற்கு மறுநாள் குழி வெட்டினார்கள்.

அண்டாவைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசினால் சபையே தலைகுனிய வேண்டும். படத்தைப் பேசினார்கள். "உயிரோட இருக்கப்பட்ட பிள்ளையப் பிணமாட்டு வரைஞ்சானே, எமன் சும்மா விடுவானா?" கிறிஸ்தவர்கள் ஆகி எமனை விட்டு மூன்று தலைமுறை ஆயிற்று, தேவைப்பட்டபோது கூப்பிட்டுக்கொண்டார்கள், பாவிகள். ஜஸ்டஸின் மனைவி செல்லத்தாய் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேறு எந்த வார்த்தையும் சொல்லவில்லை. சோற்றை வைப்பாள், எழுந்து போய்விடுவாள்.

ஜஸ்டஸ் கதைப்படத்தை விட்டான். கடைக்குப் பெயர்ப்பலகை, பஸ்ஸுக்கு ஊர்ப்பெயர், கல்லறைச் சிலுவைக்கு எழுத்து என்று பிழைப்பு ஓடியது. எழுத்துக்கு முகம் கிடையாது. முன்பெல்லாம் சாய வாசனையில் பசியைக்கூட மறப்பான். இப்போது வேலை முடிந்ததும் சாய டப்பாவை இறுக மூடி வெளியே வைத்துவிடுவான்.

இரண்டு வருஷம் கழித்து மறுபடி பேதி பரவுகிறது என்ற பேச்சு வந்ததும், ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஞானசிங் தேடி வந்தார்.

"பழைய சுருள் கிழிஞ்சு நாசமாப் போச்சு ஜஸ்டஸே. புதுசு ஒண்ணு வேணும். பழசை எரிச்சிரலாம்."

"வேற ஆளைப் பாரும். என்னால ஆகாது."

"எரிக்கதுலயும் ஒரு சங்கடம் உண்டு. ஒம்ம பெஞ்சாதி..."

"அவளுக்கென்ன?"

ஞானசிங் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சந்தைக்கு வரும்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வருவா. சுருளை விரிக்கச் சொல்லுவா. கடைசிப் படம் மட்டும். கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போயிருவா. ஒமக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்."

ஜஸ்டஸுக்குத் தெரியாது. ஓமனாவைப் போட்டோ எடுத்ததில்லை. அந்தக் காலத்தில் ஏழை வீட்டுப் பிள்ளையை யார் எடுத்தார்கள்? அவள் முகம் இருந்தது அந்த ஒரு படத்தில்தான். பெற்றவள் அதைப் பார்க்க நடந்து நடந்து போயிருக்கிறாள், செத்துக் கிடக்கிற முகத்தை.

மறுநாள் போய்ச் சுருளை வாங்கிவந்து முற்றத்தில் விரித்தான். துணி கிழிந்திருந்தது, முகம் கிழியவில்லை. அந்த உதட்டில் அடக்கிய சிரிப்பு அப்படியே இருந்தது. செத்த பிள்ளைக்கு ஏது அப்படி ஓர் உதடு! ஊர் பிணத்தைப் பார்த்திருக்கிறது. அவன் வரைந்தது எழும்பக் காத்திருந்த பிள்ளையை.

புதுத்துணியை இழுத்துக் கட்டினான். கதையை மாற்றினான். முதல் படத்திலேயே பிள்ளை பாயிலிருந்து எழும்புகிறாள். குளத்தில் கை வைக்கப் போகிறாள். அம்மா ஓடிவந்து தட்டிவிடுகிறாள். அடுப்பில் வெள்ளம் கொதிக்கிறது. ஆறுவதற்குள் பிள்ளை ஒரு கோழியைத் துரத்துகிறாள். கதைக்குக் கோழி தேவையே இல்லை. ஆனாலும் வரைந்தான், சிறகெல்லாம் பறக்க. தன்னை அறியாமல் சீட்டியடித்தான். சிரிக்கவும் செய்தான்.

"சிரிக்கியளா?"

செல்லத்தாய் அடுக்களை வாசலில் நின்றாள். ஜஸ்டஸ் திருட்டில் அகப்பட்டவன்போல பிரஷைக் கீழே வைத்தான். சந்தோஷமாகத்தான் இருந்தான். பிள்ளையைப் புதைத்தவனுக்கு அது எங்கிருந்து வந்ததென்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

அவள் கிட்டே வந்து, குனிந்து, வெகுநேரம் பார்த்தாள்.

"முன்பல்லு விழுந்திருந்துல்லா. அத மறந்தாச்சா?"

மறந்துதான் போயிருந்தான். பழைய படத்தில் வாயை மூடித்தானே வரைந்திருந்தான். சின்ன பிரஷை எடுத்து, பல் வரிசையின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்தான். ஓமனா வந்துவிட்டாள். செல்லத்தாய் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். புதைத்த அன்றுகூட அப்படி அழவில்லை. அழுகைக்கு நடுவிலேயே, "அந்தக் கோழி செவலை" என்றாள். அவன் சிவப்பைக் குழைத்தான்.

பேதி அந்த வருஷமும் வந்தது. பல வீடுகளில் பிள்ளைகள் போயின. படம் எல்லாரையும் காப்பாற்றிவிடவில்லை. குளச்சல் பக்கம் ஓர் ஊரில் ஞானசிங் சுருளைத் தொங்கவிட்டுக் கதை சொன்னபோது, ஜஸ்டஸும் செல்லத்தாயும் கூட்டத்தில் நின்றார்கள். இடுப்பில் பிள்ளையோடு பக்கத்தில் நின்ற ஒருத்தி படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"பொக்கைவாய்ச்சி! நெசமாட்டு உள்ள பிள்ளையா?"

"எங்க பிள்ளதான்" என்றாள் செல்லத்தாய்.

"நல்லா இருக்காளா?"

செல்லத்தாய் அந்த இடுப்புப் பிள்ளையின் காலைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"வெள்ளத்த நீயே கொதிக்க வச்சுக் குடு, கேட்டியா. பந்தியில, விருந்துல, எவன் ஊத்தினாலும் குடுக்காத. கோயில் பந்தின்னாலும் குடுக்காத."

அந்த அண்டாவைப் பற்றி அவள் வாய் திறந்தது அன்றைக்குத்தான்.