டாக்யார்ட் ரோட்டில் வாங்கிய பால் சுறா

வெள்ளிக்கிழமை பகல் ஒன்றேகாலுக்குத் தாதரில் இறங்கினேன். நாகர்கோவில் வண்டி ஒன்றரை மணி நேரம் தாமதம். குர்லா வரை ஒரு லோக்கல், அங்கே ஹார்பர் லைனுக்கு மாறிச் செம்பூர். டிக்கெட் பத்து ரூபாய். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவுக்குக் குறைந்தபட்சக் கட்டணமான இருபத்தாறு ரூபாய். என் அண்ணன் மகள் சுகந்திக்குப் பெண் குழந்தை பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. தூத்துக்குடியிலிருந்து பார்க்கப் போனவன் நான் ஒருவன்தான்.

சுகந்தியை எங்கள் தெருவில் பலருக்கும் போன் வழியாகத்தான் தெரியும். மாலத்தீவுக் கடலுக்கடியில் பத்துப் பதினைந்து சுறாக்கள் சுற்றிவர, அவள் ஒன்றின் முதுகைத் தடவிக் கொடுக்கிறாள். “சுறாவப் பாத்து நாம பயப்பட வேண்டாம், நம்மளப் பாத்துத்தான் அது பயப்படணும்” என்று பின்னால் அவள் குரல். அந்த வீடியோவுக்குப் பிறகுதான் சுறாக்களைக் காப்பாற்றச் சொல்லும் அவளுடைய வீடியோப் பக்கத்துக்கு இரண்டு லட்சம் பேர் சேர்ந்தார்கள். அகப்பட்ட வாட்ஸ்அப் குழுவுக்கெல்லாம் நானே அதை அனுப்பியிருக்கிறேன்.

வீட்டில் குழந்தையின் அழுகைதான் என்னை வரவேற்றது. தாய்ப்பால் போதவில்லை, எடை குறைந்திருக்கிறது, பால் பவுடரும் சேர்த்துக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு முறை பவுடர் கரைக்கும்போதும் சுகந்தியின் முகம் சுருங்கியது. பேச்சை மாற்றுவதற்காக அந்த வீடியோவைப் புகழ்ந்தேன்.

“அதப் பேசாதிய சித்தப்பா” என்றாள். “படகுக்காரன் டூனா மீன் தலையா வெட்டிப் போட்டான். அதுக்குத்தான் அத்தன சுறா வந்துச்சு. எனக்கே பெறவுதான் விளங்குச்சு. இரை போடக் கூடாது, தொடவே கூடாது. தள்ளி நின்னு அசையாம இருக்கணும். அது வந்தா வரும், போனாப் போவும்.”

“அப்படி எடுத்த படமும் இருக்கா?”

“இருக்கு. அத எவன் பாக்கான்?”

காட்டினாள். நீல நீர், தூரத்தில் ஒரு நிழல், அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் எனக்கும் பாதியில் கொட்டாவி வந்தது.

மாலை ஆறு மணிக்குச் சுகந்தியின் மாமியார் செல்லத்தாய் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி வந்ததிலிருந்து தாராவி. மருமகளைக் கவனிக்க இங்கே வந்து தங்கியிருந்தார். எனக்கு மதினி முறை.

“அண்ணாச்சி, சுறாப்புட்டு ரெண்டு நேரம் தின்னா இவளுக்குப் பால் சொரந்துரும். நம்ம பக்கத்துல பிள்ள பெத்தவளுக்கு வேற என்ன குடுப்போம்? எம் மவன் வாங்கித் தர மாட்டேங்கான். பொண்டாட்டி பேரு கெட்டுப் போவுமாம். அவளுக்கு ரெண்டு லட்சம் பேரு மாமியாரு. அதுல நான் கடசி ஆளு. நீங்க தொணைக்கு வாங்க.”

குழந்தை மறுபடி அழுதது. வருகிறேன் என்றேன். சுறாவைக் காப்பாற்றச் சொல்லும் வீடியோவை அனுப்பிய அதே கையால் பை தூக்கப் போகிறோமே என்பது படுத்த பிறகுதான் உறைத்தது.

சனிக்கிழமை காலை ஐந்து பத்துக்குச் செம்பூரில் ஹார்பர் லைன் வண்டி. வடாலா, சிவ்ரி, காட்டன் கிரீன், ரே ரோடு தாண்டி டாக்யார்ட் ரோடு. அங்கிருந்து டாக்சியில் முப்பத்தொரு ரூபாய்க்குப் படகுத்துறை. மீன்கூடையோடு ஓடுகிறவர்கள் யாருக்காகவும் நிற்பதில்லை. இரண்டு முறை ஐஸ் தண்ணீரில் நனைந்தேன். சுறாவுக்கு இங்கே முஷி என்று பெயர். ஒரு கோளி மீனவப் பெண்மணி முழங்கை நீளக் குட்டிகளை அடுக்கி வைத்து, கிலோ அறுநூறு என்றாள்.

“சே சௌ? க்யா மௌசி, சோனா பேச்தி ஹை க்யா?” என்றார் மதினி. அறுநூறா, தங்கமா விற்கிறாய் என்று கேட்டதில் அந்தப் பெண் சிரித்துவிட்டாள். நானூற்றைம்பதுக்கு முடிந்தது.

பையில் விழுந்ததில் ஒன்றின் தலை சுத்தியல்போல இரு பக்கமும் அகன்றிருந்தது. பால் சுறா என்பது வளர்ந்தாலும் சிறிதாகவே இருக்கும் தனிச் சாதி என்று படித்திருக்கிறேன். சுத்தியல் தலை அதற்கு இல்லை. “மதினி, இது வேற சுறாவோட குட்டில்லா?” என்றேன். “குட்டியா இருந்தா எல்லாம் பால் சுறாதான்” என்று பையைச் சுருட்டினார்.

எட்டு மணிக்கு வீடு திரும்பினோம். மீனைத் தொட்டியில் கொட்டியதும் வாடைக்குச் சுகந்தி எழுந்து வந்துவிட்டாள், தோளில் குழந்தையோடு. என்னைப் பார்த்தாள். நான் குழாயைப் பார்த்தேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். ஒரு கையால் அந்தச் சுத்தியல் தலைக் குட்டியை எடுத்து மல்லாக்கத் திருப்பினாள். முன்துடுப்புகளுக்கு நடுவே, வெள்ளை வயிற்றில், சின்னதாக ஒரு கீறல். இன்னும் மூடவில்லை.

“தொப்புள், சித்தப்பா. பொறந்து கொஞ்ச நாள்தான் ஆயிருக்கும்.”

அவள் தோளில் இருந்த குழந்தைக்கும் தொப்புள் கொடி அன்றுவரை விழவில்லை.

“எனக்குத் தெரியாதா? எத்தன கழுவிருக்கேன்” என்றார் மதினி. “நீ மீன் தலையப் போட்டுக் கூப்பிட்டு, தடவிப் படம் எடுக்கலாம். அது மட்டும் நாயமோ? எம் பேத்தி பசியில கெடக்கா.”

இரண்டு பேர் பக்கமும் சரி என்று எனக்குப் பட்டது; சற்று நேரத்தில் இரண்டும் தப்பு என்றும் பட்டது. சுகந்தி அந்தக் குட்டியைப் போனில் படமெடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். குழந்தை மார்பில் வாய் வைப்பதும் விட்டுவிட்டு அழுவதும் கேட்டது. மதினி மீனை வேகவைத்து, தோலுரித்து, உதிர்த்து, மஞ்சளும் பூண்டும் மிளகும் போட்டுப் புட்டாக்கினார்.

பதினொன்றரைக்குச் சுகந்தி வந்து உட்கார்ந்தாள். “வைங்க அத்தை.”

தட்டைக் காலி செய்யும்வரை அவள் தலை நிமிரவில்லை. மதினிக்கும் ஜெயித்த முகம் இல்லை. நானும் சாப்பிட்டேன். ருசி மாறவே இல்லை. மாறியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஞாயிறு காலை குழந்தை நன்றாகத் தூங்கியது. புட்டுதான் என்றார் மதினி. பத்து நாள் தாண்டினால் பால் தானாக ஊறும் என்றாள் சுகந்தி. பவுடரும் நிற்கவில்லை. எது காரணம் என்று என்னால் எழுத முடியாது.

மதியம் கல்யாண் ஸ்டேஷனில் ஊர் வண்டி ஏறினேன். கர்ஜத் நெருங்கும்போது போனில் சுகந்தியின் புது வீடியோ. மாலத்தீவு வீடியோவை நீக்கிவிட்டாளாம். ஏன் என்று மறைக்காமல் சொல்கிறாள். வழிகாட்டி இரை போட்டால் அந்தப் படகுக்குப் பணம் கொடுக்காதீர்கள் என்கிறாள். கடைசியில் அடுப்படித் தொட்டி, வெள்ளை வயிறு, அந்தக் கீறல். தான் சாப்பிட்டதைச் சொல்லவில்லை. கீழே முதல் கருத்து: “பழைய வீடியோவைத் திரும்பப் போடுங்க.” இரண்டாவது: “அக்கா, சுறாப்புட்டு செய்முறை ப்ளீஸ்.” நான் ஏதோ தட்டச்சு செய்து, அழித்தேன்.

அப்போது வீட்டிலிருந்து மனைவி கூப்பிட்டாள். “நாளக்கழிச்சு வந்துருவியல்லா? மீன்காரம்மா பால் சுறா வருதுன்னா. சொல்லி வைக்கட்டுமா?”

மல்லாக்கத் திருப்பிப் பார்த்து வாங்கு என்று சொல்ல வாயெடுத்தேன். எதைப் பார்க்க என்று அவள் கேட்பாள். பார்த்தபிறகு வாங்கவா வேண்டாமா என்றும் கேட்பாள். அதற்குள் வண்டி மலைச் சுரங்கத்துக்குள் நுழைந்து பேச்சு அறுந்தது. வெளிச்சத்துக்கு வந்ததும் போன் மறுபடி அடித்தது. கையில் வைத்துக்கொண்டு, அடுத்த சுரங்கம் வருகிறதா என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்திருந்தேன்.