மில் பஸ்ஸில் ஓடிய பாதிப் படம்

"புரட்டாசி, திங்கள். மில் பஸ், காலை 7.05. படம்: பங்குச்சந்தைக்காரன் கதை, டப்பிங். பாதி."

என் டைரியில் இருக்கும் குறிப்பு இது. ஆண்டையும் தேதியையும் இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றைச் சொன்னால் எந்த மில், எந்த பஸ் என்று தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும். மற்றபடி குறிப்பு அப்படியே இருக்கிறது. "பாதி" என்ற சொல் அந்த டைரியில் நூற்றுக்கணக்கான இடங்களில் வருகிறது.

வேடசந்தூர் பக்கத்து நூல் மில் ஒன்றில் நான் டைம் ஆபீஸ் கிளார்க். யார் எந்த ஷிப்டுக்கு வந்தார்கள், எப்போது போனார்கள், யாருக்கு எத்தனை நாள் லீவு பாக்கி என்பதெல்லாம் என் மேசையில்தான் இருக்கும். திண்டுக்கல் பஸ் நிலையத்துக்கு வெளியே ஏறினால் ஊர் ஊராக ஆள் ஏற்றிக்கொண்டு போய் மில் கேட்டில் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு டிவி உண்டு. டிரைவர் காலையில் பென்டிரைவைச் செருகிப் படம் போடுவார். இடைவேளை வருவதற்கும் கேட் வருவதற்கும் சரியாக இருக்கும். மாலையில் வேலை முடிந்து ஏறுகிறவர்கள் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார்கள். டிவியைப் போட்டால் திட்டு விழும். மறுநாள் காலை வேறு படம்.

இப்படி வருடக்கணக்காக எங்கள் பஸ்ஸில் இருக்கிறவர்கள் எந்தப் படத்திலும் முதல் பாதியை மட்டுமே பார்த்திருக்கிறோம். மீதியை நாங்களே சொல்லிக்கொள்வோம். அதற்குப் பெயரே "மீதிக் கதை" என்று ஆகிவிட்டது. கேட்டிலிருந்து ஷெட்டுக்கு நடக்கிற வழியில் ஆளுக்கு ஒரு மீதிக் கதை கிளம்பும். எது சுவையாக இருக்கிறதோ அதுதான் படத்தின் கதை என்று நிலைத்துவிடும்.

இதில் பேர் வாங்கியவர் நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண். பதினோரு வருட சர்வீஸ். கணவர் இல்லை. ஒரே மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். பைபாஸ் நிறுத்தத்தில் ஒரு பை நிறையக் கனகாம்பரத்தோடு ஏறி, கட்டிக்கொண்டே படம் பார்ப்பார். பேய்ப் படம் ஒன்றில் பேய்க்குக் கல்யாணம் செய்து வைத்து, சீர்வரிசை வரைக்கும் சொன்னவர். அன்று பங்குச்சந்தைக்காரன் கதைக்கும் அவர் சொன்னதுதான் நின்றது.

"அப்பறம் என்ன, அம்புட்டுப் பேருக்கும் குடுத்த காசு ரெட்டிப்பாகுது. அந்தத் தெருவுக்கே வீடு கட்டிக் குடுக்குறான். குடிதண்ணிக் கொழா போடுறான்."

"இலவசமாவா?" என்று யாரோ கேட்டார்கள்.

"பின்ன, அவங்க காசுலதான வளந்தான்."

அதை யாரும் மறுக்கவில்லை. பஸ் இரைச்சலில் அந்தப் படத்தின் வசனம் பாதி கேட்காது. கேட்டாலும் ஷேர், மார்ஜின் என்று வேகமாக ஓடும். கண்ணுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சின்ன ஆபீஸில் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவன் தன் தெருக்காரர்களின் பணத்தை வாங்கிப் போட்டுப் பெருக்குகிறான், கோட்டு போடுகிறான், கார் வாங்குகிறான். கடைசியாக ஒரு உயரமான கட்டிடத்தில் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறான். அந்த இடத்தில் மில் கேட் வந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து பஸ் நிலையத்தில் ஒருவர் எங்களைப் பார்க்க வர ஆரம்பித்தார். எங்கள் மில்லில் ஃபிட்டராக இருந்து வேலையை விட்டவர்தான். இப்போது வெள்ளைக் கார். மதுரையில் ஒரு டிரேடிங் கம்பெனிக்கு ஆள் சேர்ப்பதாகச் சொன்னார். பணத்தைப் போட்டால் மாதாமாதம் லாபம், ஒரு வருடத்தில் போட்ட முதல் தனியாகத் திரும்பும். எப்படி என்று கேட்டவர்களுக்கு அவர் அதிகம் விளக்கவில்லை. பஸ்ஸில் ஓடிய படத்தைப் பற்றி யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

"பஸ்ல படம் பாத்தீங்கள்ல? அதே தொழில்தான்."

எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

என்னைத் தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். "அண்ணே, நீங்க ஒரு வார்த்தை நல்லாருக்குன்னு சொன்னீங்கன்னா பஸ்ஸே வரும். உங்க கணக்குத் தப்பாதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆளுக்கு இம்புட்டுன்னு உங்களுக்கும் உண்டு."

நான் மறுக்கவில்லை. டைரியில் "பாப்போம் என்றேன்" என்றுதான் எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே பென்சிலில் ஒரு பெருக்கல் இருக்கிறது. பஸ்ஸில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையை அவர் சொன்ன தொகையால் பெருக்கியது. அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

அந்த வாரச் சனிக்கிழமை வைண்டிங் பெண் என் ஜன்னலுக்கு வந்தார். பி.எப். பணத்தில் முன்பணம் எடுக்க வேண்டும், கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுங்கள் என்றார். மகள் கடைசி வருடம் போகும்வரை அதைத் தொடுவதில்லை என்று அவரே என்னிடம் பலமுறை சொல்லியிருந்த பணம் அது.

"எதுக்குன்னு போடணுமே தங்கச்சி. வைத்தியம், வீடு, கல்யாணம், படிப்பு... இதுல ஒண்ணு."

"படிப்புன்னே போடுங்கண்ணே. அவ படிப்புக்குத்தான பெருக்கப் போறேன்."

"ஃபிட்டர்கிட்டயா?"

"ஆமா. நீங்க போடலையா?"

கம்ப்யூட்டரைத் திறந்தேன். சர்வர் வேலை செய்யவில்லை. திரையில் அந்த ஊமை வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "திங்கக்கெழம டீ டயத்துக்கு வா, கேட்ல குடுத்து வைக்கிற போனை செக்யூரிட்டிகிட்ட வாங்கிட்டு வா. ஓடிபி வரும்" என்று அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைப் போனில் முழுதாகப் பார்த்தேன். அவருக்காகத்தான் பார்த்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில், டைரியில் பாதி என்று கிடப்பவற்றை விடுமுறையில் பார்த்து நிரப்புவது என் வழக்கம். அன்றைக்கு அதன் முறை வந்தது.

பணத்தைப் பற்றிய படங்கள் எனக்குப் பிடிக்கும். நூலகத்தில் வங்கிகள் விழுந்த கதைகளைப் படித்த பிறகு அந்தப் பிடித்தம் கூடியது. பார்த்தவரையில் அவற்றுக்கு ஒரு பொது முகம் உண்டு. முதல் தப்பு சின்னதாக இருக்கும். அதைச் செய்கிறவன் சிரிப்பும் சுறுசுறுப்புமாக இருப்பான், நாம் கைதட்டுவோம். தப்பென்று சொல்கிற நண்பன் மெதுவாகப் பேசுவான், கண்ணாடி போட்டிருப்பான், அவன் வந்தாலே படம் நின்றுவிட்டது போல இருக்கும். பேராசை கெட்டது என்று சொல்ல எடுத்த படம், ஒன்றரை மணி நேரம் பேராசையின் அழகையே காட்டும். பழைய படங்களில் வட்டிக்காரர் முகத்தைப் பார்த்தாலே தெரியும், அவரிடம் யாரும் ஆசையாகப் போகமாட்டார்கள். இப்போதைய படங்களில் வருகிறவனிடம் நானே பணம் கொடுப்பேன். பென்சிலில் பெருக்கியவன் சொல்கிறேன்.

இந்தப் படத்தின் இரண்டாம் பாதியும் அப்படித்தான். புதிதாக வருகிறவர் பணத்தை எடுத்து ஏற்கெனவே போட்டவருக்கு லாபமாகக் கொடுக்கிறான். கேள்வி கேட்ட நண்பனைத் துரத்துகிறான். ஒரு நாள் ஆபீஸ் ஷட்டர் மூடிக் கிடக்கிறது. வெளியே வரிசை நிற்கிறது. அதன் பிறகு இருபது நிமிடம் அவன் மட்டும்தான். அவன் அழுகிறான், மன்னிப்புக் கேட்கிறான், பாட்டோடு ஜெயிலுக்குப் போகிறான். கண் கலங்குகிற மாதிரி எடுத்திருந்தார்கள். எனக்கும் கலங்கியது. பிறகுதான் எரிச்சல் வந்தது.

அன்று மாலையே அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். "நான் முழுசாப் பாத்துட்டேன் தங்கச்சி. அவன் ஏமாத்துறான். ஒருத்தருக்கும் காசு திரும்பல."

அவர் சிரித்தார். "உங்க மீதிக் கதை எப்பவும் அழுகாச்சிதானண்ணே. அந்த நாய்ப் படத்துல நாயைக் கொன்னீங்க."

"நாய் நெசமாவே செத்துச்சு."

"போங்கண்ணே. எங்க பக்கம் யாருமே ஒத்துக்கல."

நான் பார்த்துவிட்டுச் சொன்னதும், பஸ்ஸில் ஓடும் கதைகளில் இன்னொன்றாகத்தான் அவர் காதில் விழுந்தது. அதுவும் சுவையில்லாத கதை.

திங்கட்கிழமை பத்து நிமிடம் முன்னதாகவே பஸ் நிலையம் போய் டிரைவரைப் பிடித்தேன். அந்தப் படத்தை இடைவேளையிலிருந்து போடச் சொன்னேன்.

"பாதியில இருந்து போட்டா அடிக்க வருவாய்ங்க சார்."

"மொதப் பாதி பாத்ததுதானப்பா."

"அது போன மாசம். இன்னிக்குப் புதுப்படம் வச்சிருக்கேன். சண்டைப் படம்."

"ஒரே ஒரு நாள்."

அந்தப் படத்தைத் தேடி எடுத்தார். "யாராச்சும் கேட்டா டைம் ஆபீஸ் சார்தான்னு சொல்லிருவேன்."

"சொல்லு."

பஸ் கரூர் ரோட்டில் ஏறுவதற்குள் பின்சீட்டிலிருந்து சத்தம் வந்தது. "ஏலே, படம் நடுவுல இருந்து ஓடுது."

"டைம் ஆபீஸ் சார் போடச் சொன்னாரு."

"லேட்டா வந்தா அரை நாள் வெட்டுறவரு, படத்தையும் வெட்டிட்டாரா?"

பஸ் சிரித்தது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வைண்டிங் பெண் எனக்கு மூன்று வரிசை முன்னால் இருந்தார். அவர் கை பூவில் இருந்தது. நண்பனைத் துரத்துகிற காட்சியில் பின்சீட்டில் பேச்சு குறைந்தது. புதிய ஆளிடம் வாங்கிய கட்டைப் பிரித்து, பக்கத்து அறையில் பழைய ஆளுக்கு எண்ணிக் கொடுக்கிற காட்சிக்கு வசனமே தேவைப்படவில்லை. "அடப்பாவி" என்று ஒரு குரல் மெதுவாகக் கேட்டது. வைண்டிங் பெண்ணின் கை எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. பார்த்தபோது பூவும் நாரும் மடியில் கிடந்தன.

ஷட்டர் மூடிய ஆபீஸ் முன்னால் வரிசை நிற்கிறது. கேமரா அதன் மேல் போய்க்கொண்டிருக்கும்போதே பஸ் மில் கேட்டுக்குள் திரும்பியது. டிரைவர் டிவியை அணைத்தார்.

ஆக, அவன் அழுததையும் பாட்டோடு ஜெயிலுக்குப் போனதையும் எங்கள் பஸ்ஸில் யாரும் பார்க்கவில்லை. எடுத்தவர்கள் தவறவிட்ட இடத்தில் எங்கள் டிரைவர் படத்தை முடித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது.

இறங்கி நடக்கும்போது வைண்டிங் பெண் என் பக்கம் வந்தார். அன்றைக்கு யாரும் மீதிக் கதை சொல்லவில்லை.

"அண்ணே, வரிசையில ஒரு பொம்பள நின்னாள்ல. தோள்ல டிபன் பையோட. அவளுக்குக் கெடச்சுச்சா?"

"அப்பறம் அவளக் காட்டல."

"ஏன்?"

"அவனைத்தான் காட்டுறாங்க."

ஷெட்டுக்குள் போய்விட்டார்.

பத்து மணி டீ இடைவேளையில் ஜன்னலுக்கு வந்தார். கையில் போன் இருந்தது. கேட்டு வாங்கி வந்திருக்கிறார் என்றால் எடுப்பதென்று முடிவு செய்துவிட்டார் என்றே நினைத்தேன். சர்வரும் அன்று ஒழுங்காக வேலை செய்தது. விவரங்கள் எல்லாம் உள்ளே போயின. காரணம் என்ற இடத்தில் படிப்பு என்று தேர்ந்தெடுத்தேன். பட்டனை அழுத்தியதும் அவர் போன் ஒலித்தது.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"சொல்லு."

போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லமாட்டேண்ணே."

திரையில் வினாடிகள் குறைந்துகொண்டே வந்தன. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நேரம் முடிந்துவிட்டது என்று சிவப்பு எழுத்தில் வந்தது. எனக்கு எழுந்து நின்று மேசையைத் தட்ட வேண்டும் போலிருந்தது. ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தேன். இரண்டு நாளாகச் சரியாக இறங்காத சாப்பாடு அன்று மதியம் இறங்கியது. வெண்டைக்காய் வெஞ்சனம், இன்னும் நினைவிருக்கிறது.

மாலையில் பஸ் நிலையத்தில் ஃபிட்டர் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நானே போனேன்.

"என்னால சொல்ல முடியாது. என் பேரையும் யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"என்னண்ணே, படத்தப் பாத்துட்டு வந்து பேசுறீங்களா?"

"ஆமா. நீங்களும் படத்த வச்சுத்தான பேசுனீங்க."

அவர் கோபப்படவில்லை. தோளைத் தட்டிவிட்டு, "உங்களுக்குக் குடுப்பினை இல்ல" என்றார். அதற்குப் பிறகு எங்கள் பஸ்ஸில் புதிதாக யாரும் அவரிடம் பணம் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை. தைக்குப் பிறகு அவரையோ வெள்ளைக் காரையோ அங்கே காணவில்லை. அவர் எண்ணுக்குப் போட்டால் உபயோகத்தில் இல்லை என்கிறது.

மறு ஆனியில் அந்தப் பெண்ணின் மகளுக்குக் கடைசி வருடக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. அப்போது முன்பணம் எடுத்துக் கொடுத்தேன். கல்லூரி ரசீதைக் கொண்டுவந்து காட்டினார், நான் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. இரண்டாம் பாதி ஓடிய அந்தத் திங்கட்கிழமைக்கு முன்பே, பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் ஒருவர் ஃபிட்டரிடம் பணம் கொடுத்திருந்தார். முழுதும் திரும்பி வந்துவிட்டது என்று அவர் பஸ்ஸில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று அவர் மனைவி வைண்டிங்கில் சொன்னதாக இன்னொரு பேச்சு. முதல் பேச்சு உண்மையென்றால், ஃபிட்டர் யாரையும் ஏமாற்றவில்லை என்றுகூட ஆகலாம். நான் அந்தக் கார்டிங்காரர் வீட்டில் போய்க் கேட்கவில்லை. இதை எழுதும் இன்றுவரை எது சரி என்று உறுதியாகவில்லை.